மாலிங்க, லசித்

மாலிங்க, லசித் (பிறப்பு: 1983 ஆகஸ்ட் 28). இலங்கை அணியின் வலக்கை வேகப்பந்துவீச்சாளர். 2004 முதல் 2020 வரை சர்வதேசக் கிரிக்கெட் ஆடினார். தோள் உயரத்தில் கையைச் சுழற்றி வீசும் முறையாலும், துடுப்பாட்ட வீரரின் காலடியில் இறங்கும் யோர்க்கர் பந்தாலும் உலகறிந்தவர். ஒருநாள் போட்டிகளில் மூன்று ஹட்ரிக் எடுத்த முதல் வீரர். அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் என்ற அரிய செயலைச் சர்வதேச அரங்கில் இருமுறை செய்தவர். முழுப்பெயர் செபரமாது லசித் மாலிங்க. சில பதிவுகள் இதனோடு ஸ்வர்ணஜித் என்பதையும் சேர்க்கின்றன. பிறந்த இடத்தைப் பெரும்பாலான நூல்கள் காலி என்றும், சில ரத்கம என்றும் குறிக்கின்றன. வளர்ந்தது ரத்கமவில் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

பந்துவீச்சு முறை

மாலிங்கவின் வரலாற்றை அவரது கையிலிருந்து தொடங்குவதே முறை. பொதுவாக வேகப்பந்துவீச்சாளரின் கை காதை உரசிக்கொண்டு தலைக்கு மேலிருந்து இறங்கும். துடுப்பாட்ட வீரர் பந்தை நடுவரின் தலைக்கு மேலே, எல்லையில் நிற்கும் வெள்ளைத் திரையின் பின்னணியில் தேடிப் பழகியவர். மாலிங்கவின் கை, களப்பில் வீச்சுவலை எறிபவரின் கைபோலப் பக்கவாட்டில் சுழன்று வரும். பந்து தோள் மட்டத்தில், நடுவரின் மார்புக்கு நேரே விடுபடும். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் பந்தைக் கண்டுபிடிக்குமுன் அது பாதித் தூரம் வந்துவிடும். தாழ்வான கையிலிருந்து வருவதால் பந்து எழும்பாமல் வழுக்கி வரும். பழைய பந்து இடமும் வலமும் கடைசி நேரத்தில் வளையும். இதே கைவேகத்தில், விரல்களை மட்டும் உருட்டி அவர் விடும் மெதுவான பந்து, நேராக வந்து திடீரெனத் தாழும். அந்தப் பந்துக்கு ஆட்டமிழந்தவர்கள் பலரும் துடுப்பை முன்கூட்டியே சுழற்றி முடித்திருப்பார்கள்.

இந்த முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் தொடக்கத்தில் பலருக்கு இருந்தது. கையின் உயரத்துக்கு இன்றைய விதியில் தடையில்லை. விதி கவனிப்பது முழங்கை வளைந்து நிமிர்வதைத்தான். வரலாற்றைப் பார்த்தால் நிலைமை தலைகீழானது. 1864 வரை தோளுக்கு மேலே கை உயர்த்தி வீசுவதே இங்கிலாந்தில் விதிமீறலாக இருந்தது. தோள் உயர வீச்சு அதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்னரே, 1835இல் ஏற்கப்பட்டுவிட்டது. ஆகவே மாலிங்க வீசியது புதிய முறை அன்று, உலகம் கைவிட்ட பழைய முறை.

சுழற்றி எறியும் வேகத்தை இலங்கை அதற்கு முன்பே தன் உடலில் அனுபவித்திருந்தது. 1975 ஜூன் 11இல், முதலாவது உலகக் கிண்ணத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவின் ஜெஃப் தொம்சனை இலங்கை வீரர்கள் சந்தித்தார்கள். அவரும் உடலுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சுழற்றி எறிபவர்தான், ஆனால் கை மாலிங்கவுடையதைவிட மேலிருந்து வரும். தலைக்கவசம் இல்லாத காலம். துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் அவரது பந்தில் அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 329 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை, அவ்விருவரையும் இழந்த பின்னரும் 60 ஓவர்களில் 4 விக்கெட்டுக்கு 276 எடுத்து 52 ஓட்டங்களால் தோற்றது. அப்போது இலங்கைக்கு டெஸ்ட் தகுதிகூடக் கிடைத்திருக்கவில்லை. அத்தகைய கையொன்று ஒருநாள் இலங்கைப் பக்கம் நின்று அவுஸ்திரேலியருக்கு வீசும் என்று அன்று ஓவலில் இருந்த எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இளமை

தந்தை பேருந்து திருத்துபவர். ரத்கம, காலிக்கு வடக்கே ஹிக்கடுவையை அண்டிய கடற்கரைக் கிராமம். மணலிலும் தென்னந்தோட்டத்திலும் டெனிஸ் பந்தில் விளையாடி வளர்ந்தார். காலி வித்தியாலோகவிலும் மஹிந்த கல்லூரியிலும் படித்தார்.

அந்த மென்பந்து ஆட்டம் அவர் கைக்குச் செய்தது என்ன என்பதைக் கடற்கரை ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மணலில் பந்து எழும்பாது. டெனிஸ் பந்து பாரமற்றது. குறுகிய அளவில் குத்தினால் நின்றுவிடும், அடிப்பவர் தூக்கிக் கடலுக்கு அனுப்பிவிடுவார். அடி வாங்காமல் ஓவரை முடிக்க ஒரே வழி, பந்தைக் காலடியில் இறக்குவது. இலகுவான பந்துக்கு வேகம் கொடுக்க வேண்டுமானால் கையைச் சுழற்றி எறிய வேண்டும். யோர்க்கரும் சுழல் கையும் இப்படி ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை எங்கள் கிழக்குக் கரையில் பெருநாள் காலத்து மென்பந்துப் போட்டியொன்றைப் பார்த்தவர், கடைசி ஓவரில் பந்து யார் கைக்குப் போகிறது என்பதைக் கவனித்திருப்பார். வாட்டசாட்டமானவருக்கு அது போவதில்லை. காலடியில் இறக்கத் தெரிந்தவருக்கே போகும்.

சம்பக ராமநாயக்க

மாலிங்கவைக் கடினப்பந்துக்குக் கொண்டுவந்தவர், இலங்கை அணியின் முன்னாள் வேகப்பந்துவீச்சாளர் சம்பக ராமநாயக்க. இருவரும் முதலில் சந்தித்தது எங்கே, எந்த ஆட்டத்தில் என்பதில் கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மாலிங்கவுக்கு அப்போது 17 வயது அளவில் இருக்கும் என்றும், காலியில் என்றும் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2001/02 பருவத்தில் காலி கிரிக்கெட் கழகத்துக்காக முதல்தரப் போட்டியில் அறிமுகமானார்.

ராமநாயக்க செய்த முக்கியமான காரியம், ஒன்றைச் செய்யாமல் விட்டது. நூலில் உள்ளபடி கையை உயர்த்தச் சொல்லித் திருத்துவது எந்தப் பயிற்றுநருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பதின்ம வயதுப் பையன் மறுத்திருக்கவும் மாட்டான். ஆனால் ராமநாயக்க அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டு, அது எங்கே பந்தைப் போடுகிறது என்பதில் மட்டும் உழைத்தார். துடுப்பாட்டக் கோட்டில் ஒரு சோடிச் சப்பாத்தை வைத்து, அதில் படும்வரை வீசச் செய்யும் பயிற்சி பின்னாளில் புகழ்பெற்றது. சப்பாத்து வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்தவர் யார் என்பதில் இரண்டு பயிற்றுநர்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. பயிற்சி நடந்தது உறுதி. இலங்கை வேகப்பந்துவீச்சு வரலாற்றில் ஒரு பயிற்றுநர் எடுத்த மிகச் சிறந்த தீர்மானம் அந்தக் கையைத் தொடாமல் விட்டதுதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

டார்வினும் நேப்பியரும்

2004 ஜூலை 1இல், வட அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் டெஸ்ட் அறிமுகம். முத்தையா முரளிதரன் அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் போகவில்லை. இலங்கை 97க்கும் 162க்கும் சுருண்டு 149 ஓட்டங்களால் தோற்றது. ஆனாலும் 20 வயது மாலிங்க 50 ஓட்டங்களுக்கு 2, 42 ஓட்டங்களுக்கு 4 என ஆறு விக்கெட் எடுத்தார். டெரன் லீமன் இருமுறையும், அடம் கில்கிறிஸ்ட், டேமியன் மார்ட்டின், ஷேன் வோர்ன், மைக்கல் கஸ்ப்ரோவிச் ஆகியோர் ஒவ்வொரு முறையும் அவரிடம் வீழ்ந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கில்கிறிஸ்ட் இலங்கை அணியின் அறைக்கு வந்து, அந்தப் போட்டியில் பயன்பட்ட ஸ்டம்ப் ஒன்றை மாலிங்கவிடம் கொடுத்தார். வென்ற அணியின் முன்னணி வீரர், தோற்ற அணியின் புதுப் பையனுக்குச் செய்த இந்த மரியாதை புள்ளிவிபரப் பட்டியல்களில் இடம்பெறாது. ஆயினும் அதை விட்டுவிட்டு இந்த வாழ்க்கையை எழுத முடியாது.

அவ்வாண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இலங்கை அணி அப்போது நியூசிலாந்தில் இருந்தது. பயணத்தைப் பாதியில் நிறுத்தித் திரும்பியது. மாலிங்கவின் தென்கரையும் எங்கள் கிழக்குக் கரையும் ஒரே காலையில் அழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காலி மைதானம் நீரில் மூழ்கிச் சிதைந்தது. 2007 டிசம்பரில்தான் அங்கே மீண்டும் டெஸ்ட் நடந்தது.

இடைநின்ற பயணத்தின் டெஸ்ட் போட்டிகள் 2005 ஏப்ரலில் ஆடப்பட்டன. நேப்பியரில் மாலிங்க 130க்கு 4, 80க்கு 5 என ஒன்பது விக்கெட் வீழ்த்தினார். அவரது பந்து நடுவரின் ஆடையின் இருண்ட நிறத்தில் மறைந்துபோவதாக நியூசிலாந்துத் தரப்பு முறையிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. முறையிட்டது காற்சட்டையின் நிறத்தைப் பற்றியா, கழுத்துப்பட்டியைப் பற்றியா என்பதில் பதிவுகள் முரண்படுகின்றன. எதுவானாலும், பந்து விடுபடும் உயரம் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2007 மார்ச் 28: கயானா

மாலிங்கவைப் பற்றிய எழுத்துகளில் பாதி இந்த ஒரு நாளைப் பற்றியவை. உலகக் கிண்ணத்தின் சுப்பர் 8 சுற்று, கயானாவின் புரொவிடென்ஸ் மைதானம், எதிரணி தென்னாபிரிக்கா. இலங்கை முதலில் ஆடி, டில்ஷானின் 58, ரசல் ஆர்னல்டின் 50 ஆகியவற்றின் துணையோடு 209 மட்டுமே எடுத்தது. சார்ல் லாங்கவெல்ட் ஐந்து விக்கெட் எடுத்திருந்தார். தென்னாபிரிக்கா அவசரமின்றித் துரத்தியது. 44 ஓவர்களும் நான்கு பந்துகளும் முடிந்தபோது 5 விக்கெட்டுக்கு 206. இன்னும் 32 பந்துகள், ஐந்து விக்கெட்டுகள் கையில். வேண்டியது நான்கு ஓட்டங்கள். ஜக் கலிஸ் எண்பதுகளைத் தாண்டி நிதானமாக நின்றார். நம் வீடுகளில் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனவர்கள் பலர்.

45ஆவது ஓவரின் ஐந்தாவது பந்து. மெதுவாக வந்து தாழ்ந்த யோர்க்கர் ஷோன் பொலொக்கின் ஸ்டம்பைச் சாய்த்தது. ஆறாவது பந்தை அன்ட்ரூ ஹோல் கவர் திசையில் நின்ற உபுல் தரங்கவின் கையில் கொடுத்தார். ஓவர் முடிந்தது. ஹட்ரிக் வாய்ப்பு, ஆனால் அதற்கு ஒரு முழு ஓவர் காத்திருக்க வேண்டும். மறுமுனையில் சமிந்த வாஸ் வந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் மறந்துவிடும் பகுதி இதுதான்: வெற்றிக்கு ஒரு கையளவு ஓட்டமே தேவைப்பட்ட நிலையில் வாஸ் இம்மி பிசகாத நீளத்தில் வீசி, எதிரணியை மூச்சுவிட விடாமல் ஆட்டத்தை மாலிங்கவின் கையில் திரும்பக் கொடுத்தார்.

47ஆவது ஓவரின் முதல் பந்து. 86 ஓட்டங்களில் இருந்த கலிஸின் துடுப்பில் உரசிய பந்து விக்கெட் காப்பாளர் குமார் சங்கக்காரவிடம் சென்றது. ஹட்ரிக். இரண்டாவது பந்து யோர்க்கர். மகாயா நிட்டினியின் ஸ்டம்ப் விழுந்தது. சர்வதேசக் கிரிக்கெட்டில் அதுவரை எவரும் நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்ததில்லை. தென்னாபிரிக்காவின் கடைசி இணையாக ரொபின் பீட்டர்சனும் லாங்கவெல்ட்டும் நின்றார்கள். பந்து ஸ்டம்பையோ துடுப்பையோ மயிரிழையில் கடந்த கணங்களும் வந்தன. இறுதியில் 49ஆவது ஓவரின் இரண்டாவது பந்து, பீட்டர்சனின் துடுப்பு விளிம்பில் பட்டு ஸ்லிப் பக்கமாக எல்லைக்கு ஓடியது. தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டால் வென்றது. மாலிங்க 54க்கு 4. ஆட்டநாயகன் விருது லாங்கவெல்ட்டுக்குப் போனது.

தோற்ற ஆட்டம் என்பதைப் பலர் இன்று நினைவில் வைத்திருப்பதில்லை. நான்கு ஓட்டங்களை வைத்துக்கொண்டு ஓர் உலகக் கிண்ண ஆட்டத்தை வெல்லலாம் என்று ஓர் இளைஞன் நம்பியதே அன்று பார்த்தவர்களின் நெஞ்சில் நின்றது.

அதே கிண்ணத்தில் மொத்தம் 18 விக்கெட் எடுத்தார். சுப்பர் 8 சுற்றில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் காயம் காரணமாக அவர் ஆடவில்லை. வாஸும் முரளிதரனும் ஓய்வளிக்கப்பட்டிருந்தார்கள். அது தந்திரமா தவறா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. ஏப்ரல் 28இல் பார்படோஸில் நடந்த இறுதியாட்டத்தில் 149 ஓட்டங்கள் அடித்து இலங்கையின் கனவைக் கலைத்தவர், டார்வினில் ஸ்டம்பைப் பரிசளித்த அதே கில்கிறிஸ்ட். மாலிங்க அன்று 49க்கு 2.

2008இல் முழங்கால் காயம் அவரை ஓராண்டுக்கும் மேல் ஆடுகளத்திலிருந்து விலக்கியது.

2010, 2011

2010 ஜூலையில் காலியில் நடந்த டெஸ்ட் முரளிதரனின் 800ஆவது விக்கெட்டுக்காக நினைவுகூரப்படுவது நியாயமே. அந்தப் போட்டியின் ஆட்டநாயகன் மாலிங்க என்பதையும் இங்கே பதியவேண்டும். துடுப்பெடுத்து 64 ஓட்டங்கள், பந்தெடுத்து முதல் இனிங்ஸில் 2, இரண்டாவதில் 50க்கு 5. தன் சொந்த மாவட்ட மைதானத்தில், தமிழரான முரளிதரன் விடைபெறும் போட்டியில், மறுமுனையில் நின்று இந்தியாவைச் சரித்தவர் ரத்கமக்காரர். அடுத்த மாதம் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் அவர் ஆடியதே கடைசி டெஸ்ட்.

துடுப்பாட்டத்தில் அவருக்கு வாய்த்த பெருநாள் 2010 நவம்பர் 3. மெல்பர்னில் 240 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை 8 விக்கெட்டுக்கு 107 என்று தத்தளித்தபோது, அஞ்சலோ மெத்யூஸோடு சேர்ந்து ஒன்பதாவது விக்கெட்டுக்கு 132 ஓட்டங்கள் சேர்த்தார். அது அந்த விக்கெட்டுக்கான ஒருநாள் உலகச் சாதனை. மாலிங்கவின் பங்கு 56. ஆட்டம் சமநிலைக்கு வந்த வேளையில் அவர் ரன்அவுட் ஆக, கடைசியாக வந்த முரளிதரன் எல்லைக்குத் தட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தார்.

2011 உலகக் கிண்ணத்தில் மார்ச் 1 அன்று கொழும்பில் கென்யாவுக்கு எதிராக ஹட்ரிக், 38க்கு 6. இரண்டு உலகக் கிண்ண ஹட்ரிக் எடுத்த முதல் வீரரானார். ஏப்ரல் 2இல் மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் தன் முதல் ஓவரிலேயே சேவாக்கை ஓட்டமின்றியும், பின்னர் டெண்டுல்கரை 18 ஓட்டங்களிலும் ஆட்டமிழக்கச் செய்தார். சிறிது நேரம் அரங்கமே மௌனமானது. ஆனால் கிண்ணம் இந்தியாவுக்கே போனது. ஓகஸ்ட் 22இல் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்றாவது ஒருநாள் ஹட்ரிக்.

இந்த இரண்டு ஹட்ரிக்குகளுக்கும் இடையில், ஏப்ரலில், டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வுபெற்றார். முழங்கால் நீண்ட ஆட்டத்தைத் தாங்காது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது இந்தியன் பிரீமியர் லீக் நடந்துகொண்டிருந்தது. நாட்டைவிடக் கழகத்தைத் தேர்ந்தார் என்று குறைகூறியவர்கள் உண்டு. நான்கு ஓவருக்குத் தாங்கும் முழங்கால் நாற்பது ஓவருக்குத் தாங்காது என்பது மருத்துவ உண்மையே என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டு வாதங்களும் பதிவில் இருக்கின்றன. 30 டெஸ்ட், 101 விக்கெட் என்பதோடு அந்தக் கணக்கு மூடப்பட்டது.

அடிவாங்கிய நாள்களும் சொல்லப்படவேண்டும். 2012 பெப்ரவரி 28இல் ஹோபார்ட்டில் விராட் கோலி ஆட்டமிழக்காமல் 133 அடித்தபோது மாலிங்க 7.4 ஓவரில் கொடுத்தது 96. அதே ஆண்டு ஒக்டோபர் 7இல், கொழும்பில் நடந்த இருபதுக்கு20 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மார்லன் சாமுவேல்ஸ் அவரைக் குறிவைத்து அடித்தார். நான்கு ஓவரில் 54, விக்கெட் இல்லை. சொந்த மண்ணில் கிண்ணம் கைநழுவியது.

2014

மார்ச் 8இல் மிர்பூரில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். பாகிஸ்தானுக்கு எதிராக 56க்கு 5, கிண்ணம் இலங்கைக்கு. அதே மாதம் வங்காளதேசத்திலேயே இருபதுக்கு20 உலகக் கிண்ணம். அணித்தலைவர் தினேஷ் சந்திமால் தாமதமாக ஓவர் வீசிய குற்றத்துக்காக ஓர் ஆட்டத்திலிருந்து தடைசெய்யப்பட, மாலிங்க தலைமையேற்றார். சட்டோகிராமில் 119 ஓட்டங்களை வைத்துக்கொண்டு நியூசிலாந்தை 60க்குச் சுருட்டிய ஆட்டம் அது. ரங்கன ஹேரத் மூன்று ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். தடை முடிந்த பின்னரும் சந்திமால் தானாக ஒதுங்கிக்கொள்ள, மாலிங்கவே தொடர்ந்து தலைவராக நின்றார்.

ஏப்ரல் 6, இறுதியாட்டம், எதிரணி இந்தியா. கோலி 77 அடித்தும் இந்தியா 4 விக்கெட்டுக்கு 130 மட்டுமே எடுத்தது. கடைசி நான்கு ஓவர்களில் வந்தவை 19 ஓட்டங்கள். மாலிங்கவும் நுவன் குலசேகரவும் விலகிய யோர்க்கர்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார்கள். யுவராஜ் சிங் 21 பந்துகளில் 11 எடுத்துத் திணறினார். சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52 எடுக்க, இலங்கை ஆறு விக்கெட்டால் வென்றது. 1996க்குப் பின் இலங்கை தனித்து வென்ற முதல் உலகக் கிண்ணம் இது. 2007, 2009, 2011, 2012 என நான்கு உலக இறுதியாட்டங்களில் தோற்ற தலைமுறைக்கு அன்றுதான் ஆறுதல் கிடைத்தது.

மும்பை

மும்பை இந்தியன்ஸ் அணிக்காக 122 ஆட்டங்களில் 170 விக்கெட். 2022இல் டுவைன் பிராவோ தாண்டும்வரை பிரீமியர் லீக்கில் அதுவே அதிகபட்சம். 2018இல் எந்த அணியும் அவரை வாங்கவில்லை. மும்பை அவரைப் பயிற்றுநர் குழுவில் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வீரராகத் திரும்பினார்.

2019 ஏப்ரல் 3 இரவு மும்பையில் சென்னை அணிக்கு எதிராக மூன்று விக்கெட் எடுத்தார். இரவோடிரவாக விமானம் ஏறி, மறுநாள் பல்லேகலையில் காலி அணியின் தலைவராகக் கண்டிக்கு எதிராகக் களமிறங்கி 49க்கு 7 எடுத்தார். அப்போது வயது 35. டெஸ்டை விட்டபோது எழுந்த விமர்சனங்களைப் படித்தவர்கள் இந்த இரண்டு நாள்களையும் படிக்கவேண்டும்.

மே 12இல் ஐதராபாத்தில் இறுதியாட்டம், மீண்டும் சென்னை. மாலிங்கவின் மூன்றாவது ஓவரில் 20 ஓட்டங்கள் போயிருந்தன. ஆயினும் ஒன்பது ஓட்டங்கள் தேவைப்பட்ட கடைசி ஓவரை ரோகித் சர்மா அவரிடமே கொடுத்தார். நான்காவது பந்தில் 80 ஓட்டங்கள் எடுத்திருந்த ஷேன் வொட்சன் ரன்அவுட். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் வேண்டும். ஓடிவந்து, எல்லோரும் வேகத்தை எதிர்பார்த்த அந்தக் கணத்தில், மெதுவான யோர்க்கரை ஷர்துல் தாக்கூரின் காலில் இறக்கினார். எல்.பி.டபிள்யூ. மும்பை ஒரு ஓட்டத்தால் வென்றது. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அது கசந்த இரவு. இக்கரையிலோ சென்னை ரசிகர்கள்கூட மனம் பிளவுபட்டுத்தான் நின்றார்கள்.

இறுதிக் காலம்

2019 உலகக் கிண்ணத்தில் ஜூன் 21இல் லீட்ஸில் 232 ஓட்டங்களைக் காத்து இங்கிலாந்தை வீழ்த்திய ஆட்டத்தில் 43க்கு 4. உலகக் கிண்ணங்களில் மொத்தம் 56 விக்கெட். அப்போது அவருக்கு மேலே இருந்தவர்கள் கிளென் மெக்ராத்தும் முரளிதரனும் மட்டுமே. ஜூலை 26இல் கொழும்பில் வங்காளதேசத்துக்கு எதிராகக் கடைசி ஒருநாள் போட்டி. வீசிய கடைசிப் பந்திலும் விக்கெட்.

செப்டெம்பர் 6இல் பல்லேகலையில் நியூசிலாந்து. இலங்கை 125 மட்டுமே எடுத்திருந்தது. தன் இரண்டாவது ஓவரின் மூன்றாவது பந்திலிருந்து கொலின் மன்ரோ, ஹமிஷ் ரதர்ஃபோர்ட், கொலின் டி கிரண்ட்ஹோம், ரொஸ் டெய்லர் என நால்வரை அடுத்தடுத்து வெளியேற்றினார். சர்வதேச இருபதுக்கு20இல் 100 விக்கெட் எடுத்த முதல் வீரரும் அன்றே ஆனார். நான்கு ஓவரில் ஆறு ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட். நியூசிலாந்து 88. கயானாவில் நான்கு பந்துகளில் நால்வரை வீழ்த்தியபோது வயது 23, பல்லேகலையில் 36. இடையில் தேய்ந்த முழங்கால், குறைந்த வேகம், பெருத்த உடல். மாறாதவை அந்தக் கையும், ஓடத் தொடங்குமுன் பந்துக்குக் கொடுக்கும் முத்தமும்.

2020 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கடைசிச் சர்வதேச ஆட்டம். 2021 செப்டெம்பர் 14இல் ஓய்வை அறிவித்தார். பின்னர் ராஜஸ்தான் ரோயல்ஸிலும் மும்பையிலும் பந்துவீச்சுப் பயிற்றுநரானார்.

பின்வந்தோர்

கண்டியைச் சேர்ந்த மதீஷ பத்திரனவும், நுவன் துஷாரவும் தாழ்ந்த கையால் சுழற்றி வீசுபவர்கள். துஷார 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் வங்காளதேசத்துக்கு எதிராக ஹட்ரிக் எடுத்தார். இவர்களுக்கு மாலிங்க வழி திறந்திருந்தார்.

கிழக்கு மாகாணத்தில் இன்றுவரை டெஸ்ட் போட்டி எதுவும் நடந்ததில்லை. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும் கடற்கரை மணலிலும் காலடியில் பந்து இறக்கும் பையன்களுக்குக் குறைவில்லை. மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு ஏறும் படிதான் இங்கே உயரமாக இருக்கிறது. காலியில் அந்தப் படியில் கைகொடுக்க ஒரு ராமநாயக்க நின்றார். பாடசாலைப் பயிற்றுநர்களும் கழகப் பொறுப்பாளர்களும் கோணலான கையொன்றைக் கண்டால், அதைத் திருத்துமுன் அது எங்கே பந்தைப் போடுகிறது என்று ஒருமுறை பார்க்கவேண்டும்.

மாலிங்கவின் சர்வதேசக் கணக்கு: டெஸ்ட் 30, விக்கெட் 101, ஒருநாள் 226, விக்கெட் 338, இருபதுக்கு20 84, விக்கெட் 107, மொத்தம் 546 விக்கெட்.